தோடம்பழ நிறத்தில் ஒரு கை

1976 ஜூன் 12, சனி
மழை. இங்கே ஜூன்தான் குளிர்காலம், கராஜுக்குள் விறைப்பு. மை காயவில்லை, ஹீட்டரைக் கொண்டுபோய் வைத்தேன். மனோவின் பரதநாட்டியத்துக்குப் போஸ்டர். கறுப்பில், தோடம்பழத்தின் ஆரஞ்சு நிறத்தில் ஒரே ஒரு கை, முத்திரை பிடித்தபடி. கீழே நாள், நேரம், கிளேட்டன் மண்டபம். அவ்வளவுதான்.

என்னைக் கல்யாணம் கட்டி இங்கு வந்தபின் மனோ மேடை ஏறவில்லை. பிஸ்கட் தொழிற்சாலை, வீடு, திரும்பவும் பிஸ்கட். "எங்கட ஆக்கள் எப்பிடியும் கை தட்டுவினம். தெரியாத சனம் பார்க்கவேணும்" என்கிறாள்.

ஜூன் 15, செவ்வாய்
நிகழ்ச்சியை நடத்தும் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர் சண்முகம் போன். "தம்பி, தலைவற்றை பேர் எங்க? பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், ஒருத்தற்றை பேரும் இல்லை. இதென்ன, கைரேகைக் கடையோ?"

அத்தனை பேரையும் போட்டால் கை எங்கே நிற்கும்? முடியாது என்றேன். கோபம் அவருக்கு. இருக்கட்டும்.

ஜூன் 19, சனி
ரயில் நிலையம், நூலகம், பல்கலைக்கழகச் சுவர், எல்லாவற்றிலும் போஸ்டர் ஒட்டினேன். முதுகு போய்விட்டது. மீன்கடை வெள்ளைக்காரி வீட்டில் மாட்டவும் ஒன்று கேட்டாள். தலைகால் புரியாத சந்தோஷம். பால் வாங்க மறந்தேன்.

ஜூன் 26, சனி
மண்டபம் நிறைந்தது! முக்கால்வாசி முன்பின் தெரியாத முகங்கள். மீன்கடைக்காரி குடும்பத்தோடு. மேடைக்குப் பின்னால் ஓடிப்போய்ச் சொன்னேன். மனோ அழுது கண்மையைக் கெடுத்துக்கொண்டாள்.

பிறகு சங்கத்தார் தொடங்கினார்கள். வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை. பொன்னாடை. மறுபடி உரை. எல்லாம் தமிழில். வெள்ளைக்காரர் முதலில் சிரித்த முகத்தோடு, பிறகு கடிகாரத்தைப் பார்த்து, பிறகு ஒவ்வொருவராகக் கோட்டு மாட்டிக்கொண்டு வெளியே. சண்முகத்திடம் கெஞ்சினேன், அவளை ஆடவிடுங்கோ என்று.

"பொறும் தம்பி. பேரைத்தான் போடேல்லை, பேசவும் விடமாட்டீரோ?"

மீன்கடைக்காரி என் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாள், பிள்ளைக்கு நித்திரை வருகிறதாம். திரை விலகும்போது நம்மவர் மட்டும். அதிலும் பாதிப்பேர் வடை மேசையடியில். மனோ ஒன்றையும் குறைக்காமல் ஆடினாள். பார்க்க முடியவில்லை என்னால்.

ஜூன் 27, ஞாயிறு
குளிர், வெயில். சண்முகம் போன். "போஸ்டர் நல்லா வேலை செய்தது தம்பி. சனம் நிரம்பி வழிஞ்சதெல்லோ! வாற வருசமும் நீர்தான்." போனை வைத்தேன்.

மனோ குசினியில், அடுப்பைப் பார்த்தபடி, எனக்கு முதுகு காட்டி:

"நீங்கள் அந்தப் போஸ்டருக்குப் படம் கீறாமல் விட்டிருக்கலாம். ஒருத்தரும் வரேல்லை எண்டு போயிருக்கும். இப்ப, வந்தவை எழும்பிப் போனதைத் திரைக்குள்ளால நிண்டு பார்த்தனான்."