பதினேழாம் தூணில் எண் எழுதாமல் போனது

அனுப்புநர்:
படிக்கட்டு துடைக்கும் தொழிலாளி,
மேம்பாலத்தின் அடி, தூண் எண் 17.

பெறுநர்:
வீட்டு ஒதுக்கீட்டு அலுவலர் அவர்கள்,
மாநகராட்சி அலுவலகம், இரண்டாம் மாடி.

பொருள்: வீடற்றோர் கணக்கெடுப்பில் எங்கள் குடும்பம் விடுபட்டது, மறுபடி வந்து பார்க்க வேண்டுவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நானும், சுமை தூக்கும் என் கணவரும், பதினான்கு வயது மகளும் ஆறு வருடங்களாக மேற்படி தூணடியில் வசித்து வருகிறோம்.

2. கடந்த மூன்றாம் தேதி கணக்கெடுக்க வருவதாக முந்தின நாளே தகவல் வந்தது. வீட்டுக்குப் பெரியவர்கள் வருகிறார்கள் என்றால் எந்தப் பெண்ணும் செய்வதைத்தான் நானும் செய்தேன். அடுப்பு, பாய், கொடிக்கயிறு எல்லாவற்றையும் மூட்டை கட்டி, இஸ்திரி போடுபவரின் வண்டிக்கடியில் வைத்தேன். நான்கு குடம் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவினேன். இருப்பதில் நல்ல துணியை உடுத்திக்கொண்டு மூவரும் நின்றோம்.

3. வந்த அலுவலர் சுற்றிலும் பார்த்துவிட்டு, "இங்க ஆள் குடியிருக்கற அடையாளமே இல்லையேம்மா, போட்டோவுல எதைக் காட்டறது?" என்றார். நான் ஓடிப்போய் மூட்டையைத் தூக்கி வருவதற்குள் அடுத்த தூணுக்குப் போய்விட்டார். பதினாறாம் தூணிலும் பதினெட்டாம் தூணிலும் சாக்பீஸால் கணக்கெடுப்பு எண் எழுதியிருக்கிறது. எங்கள் தூண் மட்டும் வெறுமையாக இருக்கிறது.

4. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டதாக இஸ்திரிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். இனி எதையும் சுருட்டாதே, திரும்ப வந்தால் பார்க்கட்டும் என்றார். அப்படியே எல்லாவற்றையும் பரப்பி வைத்தோம். மூன்றாம் நாள் ஆக்கிரமிப்பு அகற்றும் லாரிதான் வந்தது. மகளின் பள்ளிப் பை உட்பட அனைத்தையும் வாரிக்கொண்டு போனார்கள். அவர்களும் தங்கள் மாநகராட்சியைச் சேர்ந்தவர்களே. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது எங்களுக்குத்தான் பொருந்தும் ஐயா.

5. மாநகராட்சிக் கிடங்கில் போய்க் கேட்டதற்கு, முகவரிச் சான்று கொண்டுவந்தால் சாமானைத் தருவதாகச் சொல்கிறார்கள்.

6. ஒதுக்கீட்டுப் பட்டியல் இருபதாம் தேதியோடு முடிகிறது என்று அறிகிறேன். எனக்காக நான் கேட்கவில்லை. மகள் வளர்ந்துவிட்டாள். அவள் குளிக்கும்போது நான் பிடித்துக்கொண்டு நிற்கும் பழைய புடவை ஒன்றுதான் சுவராக இருந்தது. அதுவும் லாரியில் போய்விட்டது. அவளைத் தனியே விட்டுவிட்டு வேலைக்குப் போக எனக்குப் பயமாக இருக்கிறது. ஒன்பது மாடிப் படிகளையும் அவசரமாகத் துடைத்துவிட்டு ஓடி வருகிறேன்.

தூணடியைச் சுத்தம் செய்தது என் தவறுதான். தொழில் பழக்கம், கை சும்மா இருக்கவில்லை. அதற்காக மகளைத் தண்டிக்க வேண்டாம்.

ஆகவே, இருபதாம் தேதிக்குள் ஒருமுறை ஆளனுப்பி எங்கள் தூணிலும் எண் எழுத ஆவன செய்யுங்கள். எந்த நாளில் வந்தாலும் மூவரில் ஒருவர் அங்கேயே இருப்போம். காட்டுவதற்கு இப்போது சாமான் எதுவும் இல்லாததால், இம்முறை எங்களையே படம் எடுத்துக்கொள்ளும்படி பணிவுடன் வேண்டுகிறேன்.

இடம்: தூண் எண் 17
நாள்: இம்மாதம் 14

இப்படிக்கு,
(கையொப்பம்)
படிக்கட்டு துடைக்கும் தொழிலாளி