நடு ஆற்றில் விழுந்த இரும்பு

அலைவாணி ஆறு வற்றாதிருக்க. அதன் இரு கரையும் ஒரு குடை நிழலில் நிலைக்க.

முகிலூரில் வீற்றிருந்து இரு கரையும் புரக்கும் மாவண்கோ பெருமான் ஆணைப்படி, ஓலைநாயகம் இளங்கண்ணன் எழுத்து. தென்கரைத் துறைத்தலைவரும், பெருவெள்ளத்தில் அணை காத்து நின்றவருமான பெருங்காரியார் காண்க. தங்கள் துறையில் ஓடங்கள் சேதமின்றி வந்து சேர்க. தங்கள் குடி தழைக்க.

தலைவர் விடுத்த ஓலை அவையில் படிக்கப்பட்டது. தென்கரை இளைஞர் மூவர் பந்தயம் கட்டி அரசரின் நெற்படகை அவிழ்த்து விட்டதும், படகு பாறையில் மோதி நெல் நனைந்ததும், அதில் உறங்கிய காவலனின் கால் முறிந்ததும் அரசர் அறிந்தார். மூவருக்கும் உள்ளங்கையில் சூட்டுக்குறி இட இரும்பு வரவழைத்ததையும், அதைச் சுமந்து வந்த வடகரைச் சேந்தன் நடு ஆற்றில் போட்டுவிட்டதையும், ஓடத்தை அப்படியே திருப்பி அவனைக் காவலுடன் முகிலூருக்கு அனுப்பியதையும் அறிந்தார். இரும்பைத் தேடி எடுக்க முத்துக் குளிப்போரை அனுப்புமாறும், சேந்தனுக்குக் கடும் தண்டம் விதிக்குமாறும் தலைவர் வேண்டியிருக்கிறார்.

சேந்தன் யார் என்பதைத் தலைவர் அறிய வேண்டும் என்பது அரசரின் விருப்பம்.

மீசை அரும்பாத வயதில் அவனும் ஒரு படகை அவிழ்த்தான். நண்பர்கள் சிரித்தார்கள், அவனும் சிரித்தான், கயிறு கையோடு வந்துவிட்டது. அப்போது இரும்பு நினைவுக்கு வரவில்லையா என்று அவையில் கேட்டதற்கு, இரும்பைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், அதற்குப் பிறகு வரும் நாட்களைப் பற்றி ஒருவரும் சொன்னதில்லை என்று மறுமொழி கூறினான். கடைசியாகக் குறி பெற்றவனே அடுத்தவனுக்குக் குறியிட வேண்டும் என்பது இந்நாட்டு வழக்கம். ஆகவே அவனுக்குக் குறி விழுந்த அன்றுமுதல் இரும்பு அவன் வீட்டு மூலையில் கிடந்தது.

குறி பெற்றவனை ஓடத்தில் ஏற்றலாகாது. வேற்றூரில் அவன் இரவு தங்கலாகாது. ஆயினும் தென்கரை வெண்ணி என்பவள் அவனை மணந்தாள். சந்தைக்குப் போனால் அவன் வலக்கையைத் தன் கையால் மூடிப் பிடித்துக்கொண்டே நடப்பாள். கலியாணம் முடிந்து இத்தனை காலம் ஆகியும் கைவிட மனமில்லையோ என்று கடைக்காரர்கள் கேலி பேசுவார்கள். குறி வெளியே தெரியாமல் இருக்கத்தான் அவள் அப்படிப் பிடித்தாள் என்பது அவர்களுக்குத் தெரியாது. தனக்கே வெகுநாள் தெரியாது என்று சேந்தன் சொன்னான்.

பிள்ளைப்பேற்றுக்காக அவள் தென்கரையிலுள்ள தாய்வீடு சென்றாள். ஒரு காலைப்பொழுதில், வலி கண்டிருக்கிறது, நிலைமை சரியில்லை என்று ஆள் வந்தது. சேந்தன் துறைக்கு ஓடினான். ஓடக்காரன் அந்துவன் துடுப்பைக் கீழே வைத்துவிட்டான். உன்னை ஏற்றினால் நாளை என் கையில் நீதானே சுட வேண்டும் என்று சொல்லித் தலை குனிந்து அமர்ந்தான். சேந்தன் கால்நடையாக ஆற்றைக் கடக்க மேல்நோக்கி ஓடினான். அவன் மேலாற்றுப் பாறைத் தடம் சுற்றிப் போய்ச் சேர்ந்தபோது, தாயையும் சேயையும் ஒரே குழியில் வைத்து மண் தள்ளி முடித்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு புன்னை நின்றது. பொழுது சாய்வதற்குள் வழக்கப்படி அவன் ஊர் திரும்ப வேண்டியிருந்தது, திரும்பினான். அடுத்து வந்த வெள்ளம் பாறைத் தடத்தைப் புரட்டிப் போட்டது. அதன்பின் அவன் தென்கரையை மிதிக்கவில்லை. சந்தையில் இப்போது அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை என்றான்.

குறி பெற்றோரில் இரும்பு கொண்டு வருவோனை மட்டும் ஓடம் ஏற்றும். அவ்வாறே அதே அந்துவன் அவனை ஏற்றினான். நடு ஆற்றுக்கு வந்ததும் தென்கரைப் புன்னை தெரிந்தது. துறையில் கை கட்டுண்டு நின்ற மூவரும் தெரிந்தார்கள். அவர்களில் ஒருவன் கட்டிய கையைத் திருப்பித் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பிள்ளைகளைக் காக்கவா இரும்பைப் போட்டாய் என்று அரசர் வினவினார். அவர்கள் யாரென்றே தெரியாது, கை திறந்துகொண்டது என்றான். உனக்கு என்ன வேண்டும் என்று வினவினார். ஒன்றும் வேண்டாம் என்றான். மறுபடி வினவியபோது, ஓடத்தைத் தென்கரை தொட்ட பிறகு திருப்பியிருக்கலாம் என்று மட்டும் சொன்னான்.

இரும்பு வரும் ஓடத்தையும் அவிழ்த்து விட்டிருக்கலாமே என்று மூவரில் ஒருவனான பிட்டன் துறையில் நகையாடியதைத் தலைவர் திமிர் என எழுதியிருக்கிறார். அது நடுக்கத்தில் வந்த பேச்சு என்று அரசர் கருதுகிறார். அச்சம் இல்லையேல் பிள்ளைகள் கெடுவார்கள் என்பது தலைவர் வாதம். அச்சம் இருந்தும் சேந்தன் அவிழ்த்தான். சேந்தனைச் சுட்டபின்னும் இவர்கள் அவிழ்த்தார்கள்.

ஆகவே ஆணை. ஆற்றில் விழுந்த இரும்பை எவரும் தேடற்க. வேறு இரும்பு வார்க்கற்க. மூவர் செய்ததும் குற்றமே. கால் முறிந்த காவலன் எழுந்து நடக்கும்வரை அவன் வயலை மூவரும் உழுக, அவன் வீட்டுக்கு நீர் சுமக்க. உடைந்த படகைத் தச்சரோடு நின்று தம் கையாலேயே சீர் செய்க. ஆண்டுதோறும் புதுவெள்ளம் வருமுன், ஒரு கயிறு அவிழ்ந்தபின் ஒருவன் வாழ்வில் என்னென்ன அவிழும் என்பதை இரு கரை இளைஞருக்கும் துறையில் வைத்துச் சொல்வது தலைவர் கடன்.

குறி பெற்றோரை இன்றுமுதல் எல்லா ஓடமும் ஏற்றுக. எந்த ஊரிலும் அவர்கள் இரவு தங்கலாம்.

அரசப் பொருளை ஆற்றில் இட்ட சேந்தனுக்குத் தண்டம் என்ன என்று அவையோர் கேட்டனர்.  அரசர் தம் விடையை முத்திரைக்கு முன் இறுதியாக எழுதுமாறு பணித்தார்:

இவ்வோலைக்குப் பின்னே சேந்தன் வடகரைத் துறைக்கு வந்து நிற்பான். மூவரும் துடுப்புப் போட்டுச் சென்று அவனை ஏற்றி வந்து தென்கரையில் இறக்குக. அவன் அவர்களிடம் ஏதும் சொல்ல வேண்டியதில்லை. எவரும் அவனை எதுவும் கேட்கற்க. புன்னையடியில் அவன் எவ்வளவு நேரம் இருந்தாலும் இருக்கட்டும். அவன் தானாக எழுந்து வரும்வரை, படகை அவிழ்த்த அந்தக் கைகள் ஓடத்தின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும்.

அரசரின் துடுப்பு முத்திரை இடப்பட்டது.