குதிக்காத பென்சில்

அன்பு மகள் டார்லாவுக்கு,

உன் அப்பா ஹாலிஸ் தன் கையாலேயே எழுதும் கடிதம் இது. நூலகத்தில் மிஸ் ஒடெட் சொல்லிக்கொடுத்த எழுத்துகளை நம்பிக் காலையில் உட்கார்ந்தேன், காப்பி ஆறிப்போனது. இப்போதெல்லாம் கடைப் பலகை, மாவுப் பை எதையும் படிக்காமல் விடுவதில்லை. துப்பாக்கி எண்ணெய்ப் புட்டியில் ஒரு சொட்டு போதும் என்று போட்டிருக்கிறதம்மா. இத்தனை வருடமும் நான் துப்பாக்கியை எண்ணெயில் குளிப்பாட்டியிருக்கிறேன்.

இங்கே நல்ல மழை. தக்காளி காய்த்துவிட்டது. நாய் சுகம்.

ஞாயிறன்று தேவாலயத்திலிருந்து வந்து, அவரைப் பயறும் சோளரொட்டியும் சாப்பிட்டுவிட்டு, வழக்கம்போல மேசையில் செய்தித்தாளை விரித்து என் சின்னக் கைத்துப்பாக்கியைப் பிரித்தேன். தோட்டாக்களை எடுத்து வைத்த பிறகுதான். கால்சட்டைப் பையிலேயே கிடப்பதால் நூலும் பஞ்சும் உள்ளே அடைந்துவிடும். பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, ஒரே சொட்டு எண்ணெய் விட்டு, திரும்பப் பூட்டினேன். காலித் துப்பாக்கியின் குழலில் ரப்பர் நுனி கீழே இருக்கும்படி பென்சிலைப் போட்டு விசையை இழுத்தால், உள்ளிருக்கும் ஊசி குத்திப் பென்சில் துள்ளி விழும், அப்படியானால் துப்பாக்கி சரியாக இருக்கிறது என்று கடைக்காரர் எப்போதோ சொல்லியிருந்தார். அப்போது நம் வீட்டில் பென்சில் ஏது? இப்போது இருக்கிறதே என்று சந்தோஷமாகப் போட்டு இழுத்தேன். அசையவில்லை. மறுபடியும் இழுத்தேன். அசையவில்லை.

மறுபடி முழுதாகப் பிரித்துப் பார்த்தேன், தோட்டாவைக் குத்தும் அந்த ஊசி உள்ளே இல்லை. அது தானாக விழாது. விவரம் தெரிந்த யாரோ கழற்றிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல மூடி வைத்திருக்கிறார்கள்.

முதலில் எனக்குப் பக்கத்து வீட்டுக் கிளீட் மேல்தான் சந்தேகம் வந்தது. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நாய்க்குச் சோறு வைக்க வீட்டுச் சாவியை வாங்கியவன் அவன். ராத்திரி நல்லாத் தூங்குறியா என்று வேறு அடிக்கடி கேட்கிறான். என் தூக்கம் அவனுக்கு எதற்கு? உணவு விடுதியில் வைத்து நேராகவே கேட்டேன்.

"ஏன்டா கிழவா, உன் பொம்மைய நோண்டத்தான் எங்காத்தா என்னப் பெத்தாளா?" என்று சிரித்தான். பிறகு கோப்பையைப் பார்த்துக்கொண்டே, "நான் கழட்டல ஹாலிஸ். யாருன்னு தெரியும். சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்" என்றான்.

வாயில் எதுவும் நிற்காத கிளீட்டிடம் சத்தியம் வாங்கக்கூடியவர் யார்? அவன் தோளில் உட்கார்ந்து வளர்ந்த ஒருத்திதான். இந்த மேசையிலேயே துப்பாக்கியை ஊசிவரை பிரிக்க நான் கற்றுக்கொடுத்ததும் ஒருத்திக்குத்தான்.

அப்புறம் ஈஸ்டர் நினைவுக்கு வந்தது. மாப்பிள்ளை வேட் பன்றித்தொடைக் கறித் தட்டோடு பின்வாசலில் நுழைந்தார். நம் ஆட்கள் கதவைத் தட்டாமல் பின்வாசல் வழியாக வருவதுதான் வழக்கம். வெளிச்சம் அவர் முதுகுப் பக்கம் இருந்தது, முகம் பிடிபடவில்லை. யாருக்கும் அப்படி ஆகும். "மாமா, நான்தான் வேட்" என்றார். எந்த வேட் என்று கேட்டேன். நீ ஓடிவந்து கூப்பிட்ட பிறகுதான் அவர் மேல் நீட்டிய துப்பாக்கியைத் தாழ்த்தினேனாம். எல்லோரும் சாப்பிட்டோம். நான் கால்சட்டையை நாற்காலியில் மாட்டிவிட்டுப் படுத்துவிட்டேன். நீ வெகுநேரம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாய்.

அதற்குப் பிறகு நீங்கள் இருவரும் இந்தப் பக்கம் வரவே இல்லை. மாப்பிள்ளைக்கு வேலை என்று போனில் சொல்கிறாய். அதை நான் நம்பவில்லை.

ஊசி உன்னிடமே இருக்கட்டும். துப்பாக்கியை நேற்றுக் கிளீட்டிடம் கொடுத்துவிட்டேன். என் கால்சட்டைப் பை காற்றுப் போனது போல இருக்கிறது, கை அடிக்கடி அங்கே போகிறது. எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் மீதி. நீ பயப்படுவது அந்தத் துப்பாக்கிக்கா, எனக்கா? டாக்டர் உன்னிடம் தனியாக ஏதாவது சொன்னாரா? போனில் வேண்டாம், எழுது. முன்பெல்லாம் உன் கடிதங்களைக் கிளீட்தான் படித்துக்காட்டுவான், அதனால் நீ பாதியை விட்டிருப்பாய். இனி நானே படிப்பேன். பெரிய எழுத்தாக எழுது.

வழியெல்லாம் கர்த்தர் உங்களோடு இருக்கட்டும். வேட் பின்வாசல் வழியாகவே வரட்டும். வரும்போது தன் பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டு வரச்சொல், அம்மா.

உன் அப்பா,
ஹாலிஸ் புரூயட்