கதவு திறந்திருந்தால் நகரக்கூடாது

நவம்பர் 9, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. செம்பாக்கம் ஏரி ரோட்டில் தண்ணீர். ரயில் தாமதம். புடவையெல்லாம் சேறு. கேஸ் புக் பண்ண மறந்தேன்.

வெள்ளிக்கிழமை பம்மல் நர்சிங் ஹோம் திறப்பு. அங்கே மாட்டியிருப்பது எங்கள் கம்பெனியின் முதல் கம்ப்யூட்டர் லிஃப்ட். உள்ளே ஒரு சர்க்யூட் போர்டு, அதில் நான் எழுதிய புரோகிராம்.

முதலாளியோடு மறுபடி வாக்குவாதம். கதவு திறந்திருந்தால் மோட்டாருக்குக் கரண்டே போகக்கூடாது. கதவு ஸ்விட்சின் ஒயரை நேராக மோட்டார் லைனில் கொடுப்போம் என்கிறேன் நான். போர்டுக்குக் கொடுத்தால் போதும் என்கிறார் அவர்.

"கதவைப் பாக்கத்தான் புரோகிராம் இருக்கே வசந்தி?"

"புரோகிராமே நின்னுபோச்சுன்னா யார் சார் பாக்கறது?"

"நீ எழுதினதுதானே. உனக்கே நம்பிக்கை இல்லையா?"

வீட்டுக்கு வரும்போது ரயிலில் பதில் வந்தது. நான் எழுதினதால்தான் சார்.

நவ. 10, செவ்வாய்

விட்டு விட்டு மழை. நாள் முழுக்க நர்சிங் ஹோமில் சோதனை. கதவு திறந்தால் நிற்கிறது, மூடினால் போகிறது. மேலே, கீழே, மேலே, கீழே. ஒரு தப்பும் இல்லை. முதலாளிக்கு போன். "பாத்தியா?" என்றார்.

மகள் பிரியாவுக்கு இருமல். சிரப். கேஸ் புக் பண்ணியாச்சு.

இடுப்பு வலி.

நவ. 11, புதன்

எழுதவே பிடிக்கவில்லை.

காலையில் நர்சிங் ஹோமில் யேசுதாஸ் முதல் மாடியில் வேலையாக இருந்தார், நானும் பக்கத்தில். எங்கள் மெக்கானிக், அனகாபுத்தூர்க்காரர். லிஃப்ட் கதவைத் திறந்துவைத்து உள்ளே விளக்கு மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. கரண்ட் போனது. ஜெனரேட்டர் போட்டார்கள். கதவு திறந்தபடியே லிஃப்ட் மேலே கிளம்பிவிட்டது.

கத்தினேன். என்ன கத்தினேனோ. மனுஷர் அப்படியே பின்னால் சாய்ந்து விழுந்தார். கால் வெளியே வந்துவிட்டது. செருப்பு மட்டும் லிஃப்டோடு போய், வாசலின் மேல்சட்டத்தில் சிக்கிக் கிழிந்தது. ஓடிப்போய் மெயினை அணைத்தேன்.

"இன்னா மேடம் இது, கதவு தொறந்துகினு கீது, அதும்பாட்டுக்குப் போவுது?"

சிரித்தார். டீ வந்தது. குடிக்காமல் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

ஜெனரேட்டர் வந்த அதிர்ச்சியில் புரோகிராம் உறைந்திருக்க வேண்டும். 'மேலே போ' என்ற கட்டளை மட்டும் அப்படியே நின்றுவிட்டது. அப்புறம் எத்தனையோ முறை ஜெனரேட்டரைப் போட்டுப் பார்த்தாயிற்று. மறுபடி நடக்கவில்லை. அதுதான் பயம்.

நவ. 12, வியாழன்

தூறல். தலைவலி.

முதலாளி: "அது ஜெனரேட்டர் கோளாறு. புரோகிராம்ல ஏதாவது சேத்துடு."

உறைந்தால் தானே மறுபடி தொடங்கும்படி ஒன்று சேர்த்தேன். அது தொடங்குவதற்குள் கால் போய்விடும். சொன்னேன். ஒயரையும் கேட்டேன்.

"நாளைக்குத் திறப்பு. இப்பப் போய் எதையும் கலைக்காதே."

மத்தியானம் அவரிடம் சொல்லாமல், நர்சிங் ஹோம் நடத்தும் டாக்டர் அம்மாவிடமே போனேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். அந்த அம்மாவுக்குக் கோபம்.

"பத்திரிகை குடுத்தாச்சு, பந்தல் போட்டாச்சு. இப்ப வந்து சொல்றீங்க?"

"எங்களுக்கே நேத்துதான் டாக்டர் தெரிஞ்சுது. காலையில ஒயர் போட்டுடறோம்."

"முடியலன்னா?"

"லிஃப்டைப் பூட்டிடுங்க."

லிஃப்ட் சாவியை எடுத்து என் கையில் கொடுத்தார். "உங்களுக்குச் சரின்னு பட்டா நீங்களே திறங்க."

வீட்டில் கணவரிடம் சொன்னேன். "வேலை போயிடுமா?" என்றார். போகலாம் என்றேன். பிரியாவுக்கு சிரப் ஊற்றப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

நவ. 13, வெள்ளி

பந்தலில் வாழைமரம் கட்டும்போதே நானும் யேசுதாஸும் ஒயர் போட்டு முடித்தோம். முதலாளி வந்தார், பார்த்தார், முகம் சிவந்தது. டாக்டர் பக்கத்தில் இருந்ததால் தடுக்கவில்லை.

கதவைத் திறந்துவைத்து, யாரையும் கிட்டே விடாமல், மெயினை அணைத்து ஜெனரேட்டர் போடச் சொன்னேன். மறுபடி. மறுபடி. மறுபடி. "போதும்மா, ஆளுங்க வந்துடுவாங்க" என்றார் முதலாளி. அடுத்த தடவை போர்டு உறைந்தது, நேற்று நான் சேர்த்ததும் அதை எழுப்பவில்லை. மேலே போகும் விளக்கு எரிகிறது. லிஃப்ட் அசையவில்லை. எல்லோரும் நின்று, ஒன்றும் நடக்காததைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அந்த ஒயர் இல்லன்னா?" மெதுவாகத்தான் கேட்டார் முதலாளி.

"போயிருக்கும் சார்."

சாவியைத் திருப்பித் திறந்தேன். கேசரி, காபி. முதலில் ஏறியது சக்கர நாற்காலியில் ஒரு நிறைமாதக்காரி. மேல்மாடியில் அவளை இறக்கும்வரை கீழேயே நின்றேன். லிஃப்ட் விளக்கை விட்டு வேறு எங்கும் பார்க்க முடியவில்லை.

நவ. 16, திங்கள்

வெயில். துணி காய்ந்தது. கேஸ் வந்துவிட்டது.

வேலை போகவில்லை. மேஜைமேல் அடுத்த லிஃப்டின் வரைபடம். தாம்பரத்தில் ஒரு துணிக்கடைக்கு. அதிலும் கதவு ஒயர் போர்டுக்கு மட்டும்தான். எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன்.

"இதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்."

"அந்தக் கடையில ஜெனரேட்டரே இல்லம்மா."

"யேசுதாஸ் இருப்பார் சார்."

நிமிர்ந்து பார்த்தார். பேனாவை எடுத்து, கதவிலிருந்து மோட்டார் லைன்வரை அவரே ஒரு கோடு போட்டார். அழுத்திப் போட்டதில் தாள் கிழிந்தது.

போர்டு ஏன் உறைகிறது என்று இன்னும் தெரியவில்லை. நாளை திரும்ப நர்சிங் ஹோம்.