எடைமேடைக் கம்ப்யூட்டருக்குப் புது பேட்டரி

இன்று காலை வந்த முதல் லாரிக்கு அடித்த எடைச் சீட்டில் விடியற்காலை மூன்று மணி என்று நேரம் விழுந்தது. வெளியே வெயில் சுள்ளென்று அடிக்கிறது. சீட்டைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கடிகார பேட்டரி சாகப்போகிறது. மாற்றுவதற்கு நீங்கள் இல்லை.

தொப்பூரில் எடைமேடை போட்டபோதே பழைய கம்ப்யூட்டராகத்தான் வாங்கினீர்கள். மேடை அதோடு மட்டும்தான் ஒத்துப்போகும். பேட்டரி அடியோடு செத்தால், தனக்குள் இருக்கும் ஹார்டு டிஸ்க்கையே அதற்கு அடையாளம் தெரியாது. டிஸ்க்குக்கு உரிய எண்களை நாம்தான் அடித்துக் கொடுக்க வேண்டும். அந்த எண்களோ உங்கள் தலைக்குள் மட்டும் இருந்தன. எழுதி வைக்கச் சொன்னால், "நான் எங்க போயிடப் போறேன் புள்ள?" என்று சிரிப்பீர்கள். போய்ச் சேர்ந்துவிட்டீர்களே!

அதனால்தான் மிஷின் ஓடும்போதே மாற்றுவீர்கள். கரண்டு இருக்கும்வரை அது எதையும் மறக்காது. தேய்த்துத் தட்டையாக்கிய ஐஸ் குச்சியால் அந்த வட்ட பேட்டரியை நெம்புவீர்கள். இரும்பு எதுவும் பட்டால் போச்சு. நான் டார்ச் பிடிப்பேன். "ஏதாச்சும் பேசிட்டே இரு புள்ள" என்பீர்கள். இண்டூர்ச் சந்தையில் தக்காளி விலை, உங்கள் அக்காவின் கோபம் என்று வாய்க்கு வந்ததை உளறுவேன். என் பயம் தெளியத்தான் பேசச் சொல்கிறீர்கள் என்று நினைத்திருந்தேன்.

மதியம், லாரி வராத நேரமாகப் பார்த்து மூடியைக் கழற்றினேன். நீங்கள் வாங்கி வைத்திருந்த புது பேட்டரி டிராயரிலேயே இருந்தது. டார்ச்சை டப்பா மேல் சாய்த்து வைத்தேன். கரண்டு போனால் யூபிஎஸ் தாங்குமோ, குச்சி வழுக்கிவிடுமோ, எடைமேடையே படுத்துவிட்டால் நான் எதை வைத்துப் பிழைப்பேன்? கை நடுங்கியது. அதே வெளிச்சத்தில் உங்கள் விரல்களைப் பார்த்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவையும் இப்படித்தான் நடுங்கின. எத்தனை முறை பார்த்தும் எனக்கு உறைக்கவே இல்லை. பயந்தது நீங்களும்தான்.

பேச ஆரம்பித்தேன். "ஒரு துண்டுச் சீட்டுல எழுதி வெச்சிருந்தா என்னாங்க கொறைஞ்சு போயிருப்பீங்க? என்னைய இப்பிடித் தனியா உட்டுட்டுப் போனீங்களே!" திட்டத் திட்ட அழுகை வந்தது. கை நடுக்கம் மட்டும் நின்றது. பழையது கழன்று, புதியது டக்கென்று உட்கார்ந்தது. திரையில் எல்லாம் அப்படியே இருந்தது. நேரத்தைச் சரிசெய்தேன்.

ஜன்னலோரம் ஒரு டிரைவர் எப்போது வந்தாரோ, நின்றுகொண்டிருந்தார்.

"யாருகிட்டங்கம்மா பேசிட்டு இருக்கீங்க?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னேன். "எங்க வூட்டுக்காரருகிட்டங்க. பேட்டரி மாத்தறப்ப அவருக்குப் பயமுங்க. நான் பேசிட்டே இருக்கோணும்."