ஷமீமாவின் தடைச் சட்டம்

செவ்வாய்க்கிழமை, இரவு

மதியம் ஆபீசில் சாப்பிடும்போது ஒரு விளையாட்டு. ஒரு நாள் முதல்வரானால் எதைத் தடை செய்வீர்கள் என்று ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சிவப்பு சிக்னலில் ஹாரன் அடிப்பதை என்றேன் நான். பத்து வருஷத் தோழி ஷமீமா, "நாம பேசி முடிக்கறதுக்குள்ள மீதியை சில பேர் அவங்களே சொல்லிடறாங்களே, அதை" என்றாள். நான்தான் அதிகம் சிரித்தேன். எல்லோரும் என்னைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

சாயங்காலம் வழக்கம்போல அவள் ஸ்கூட்டரில் அடையாறு திரும்பும்போது கேட்டேன். "என்னையா சொன்னே?"

"ஆமா. ரெண்டு மாசம் முன்னாடி, அம்மாவுக்கு டெஸ்ட் ரிசல்ட் வந்திருக்குன்னு ஆரம்பிச்சேன். 'சுகர்தானே, வெந்தயம் ஊறவெச்சுக் குடு'ன்னே. அது சுகர் இல்ல."

அடுத்த சிக்னலில் நின்றபோது, திரும்பிப் பார்க்காமல் அவளே சொன்னாள். "கேன்சர். மூணு கீமோ ஆயிடுச்சு."

இந்த இரண்டு மாதமும் தினம் அவள் பின்னால் உட்கார்ந்துதான் வீட்டுக்கு வந்திருக்கிறேன். மூன்று முறை லீவு போட்டாள். ஒருமுறை கல்யாணமா என்றேன். ஒருமுறை காய்ச்சலா என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருக்கிறாள்.