மரியாவுக்குக் கல்யாணம்

செவ்வாய், இரவு.

வார இதழில் நான் எழுதும் துப்பறியும் தொடரின் நாயகி மரியா, உப்பளம் பகுதியில் தனியாக வாழும் விதவை. ஸ்கூட்டரில் சுற்றித் திருடர்களைக் கண்டுபிடிப்பாள்.

"முடிவுல கல்யாணம் பண்ணி வீட்டுல உக்கார வச்சிடுங்கம்மா" என்றார் ஆசிரியர். போன வாரம் அப்படியே எழுதி அனுப்பிவிட்டேன்.

இன்று மாலை பக்கத்து வீட்டுச் செல்வி ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். கணவன் இறந்தபின் வாசலைத் தாண்டாதவள்.

"மரியாவைப் படிச்சுட்டுத்தான் ஓட்டக் கத்துக்கினேன்க்கா. மாமியார் திட்டத்தான் திட்டுனாங்க. வீராம்பட்டினம் வரைக்கும் தனியா போயிட்டு வந்துட்டேன்!" என்றாள். "கடைசில மரியா என்னா பண்ணுவா?"

"படிச்சுப் பாரு" என்றேன்.

அவள் போனதும் ஆசிரியரை அழைத்து, முடிவை மாற்றித் தருவதாகக் கெஞ்சினேன்.

"அச்சாயிடுச்சேம்மா" என்றார்.

வெள்ளிக்கிழமை இதழ் கடைக்கு வரும். செல்வி ஸ்கூட்டரிலேயே போய் வாங்குவாள்.